ஒரு முழத் தொய்வு

பினாங்குத் தீவின் வெல்ட் கீ படகுத்துறையில் ஹபீப் முகம்மது கட்டிய படகு ஒன்றுகூட ஒருநாளும் அவிழ்ந்து போனதில்லை. இதை அவரே சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். சூலியா தெருக் கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தால், கோப்பை பாதி காலியாவதற்குள் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கயிற்றில் வந்து நிற்கும்.

பொய்யில்லை. மீசை முளைக்கும் முன்பே தொங்கானில் ஏறியவர். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து அரிசியும் சீனியும் இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் அகலமான சரக்குப் படகுதான் தொங்கான். அதில் மூட்டை தூக்கினார், துடுப்புப் போட்டார், கடைசியில் தண்டலானார். தண்டல் என்றால் படகுக்குத் தலைவர். படகைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர் கையில்.

தொங்கான்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் போட்ட முடிச்சில் இன்னொருவன் கை வைக்கக் கூடாது. இரண்டு கை பட்ட முடிச்சு அவிழ்ந்துபோனால் யாரைக் கேட்பது? ஆகவே கட்டியவனே அவிழ்க்க வேண்டும். இறுக்க வேண்டுமென்றாலும் அவனைத்தான் கூப்பிட வேண்டும். மீறிக் கை வைத்தால் கட்டியவன் முகத்தில் அறைந்த மாதிரி. படகுத்துறையில் இதற்காக மண்டை உடைந்ததுண்டு.

இன்னொன்றை வழக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. அது கையில் ஊறிப்போன ஒன்று. படகைத் தூணில் கட்டும்போது கயிற்றில் ஒரு முழமாவது தொய்வு விட வேண்டும். கடல் ஏறும், இறங்கும். இறுக்கிக் கட்டிய படகு நீர் வற்றும்போது தூணில் தொங்கும். ஏறும்போது மூக்கு முழுகும். ஹபீபின் கைகள் அந்த ஒரு முழத்தை அவரைக் கேட்காமலே விட்டுவிடும்.

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். சரக்குக் கப்பல்கள் குறைந்தன. தொங்கான்கள் வெறும் வயிற்றோடு துறையில் வரிசையாகக் கிடந்தன. அந்த நேரத்தில்தான் வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை வளைத்து, சீன முதலாளி, தவுக்கே ஒருவர் கேளிக்கைப் பூங்கா திறந்தார். கையில் காசில்லாத காலத்தில் யார் போவார்கள் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்களே முதல் வாரம் குடும்பத்தோடு போனார்கள். ரொங்கெங் ஆட்டம், குத்துச்சண்டை, நாடகக் கொட்டகை, குதிரை ராட்டினம் எல்லாம் இருந்தன. ஆனால் ஜனம் முண்டியடித்தது ஒன்றுக்குத்தான். ஆகாயத் தொட்டில்.

தென்னை உயரத்துக்கு இரண்டு மரக் கோபுரங்கள். நடுவில் ஒரு குளம்; ஜனம் ஏறும் கரையில் கீழ்க் கோபுரம், எதிர்க்கரையில் மேல் கோபுரம். கோபுரத்துக்குக் கோபுரம் கம்பி வடம். வடத்தில் இரும்புக் கொக்கிகள். கொக்கிக்கு ஒன்றாக ஆறு பிரம்புத் தொட்டில்கள், இரும்புச் சட்டம் போட்டவை. ஒன்றில் நான்கு பேர் உட்காரலாம். மோட்டார் இழுக்கும். கீழ்க் கோபுரத்தில் ஏறி, குளத்துக்கு மேலே மிதந்து, கடலையும் கப்பலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். விளம்பரத் தட்டியில் இங்கிலீசில் ஏதோ எழுதியிருந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை. தமிழர்கள் தொட்டில் என்றார்கள், மற்றவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

கயிறு தெரிந்த ஆள் வேண்டும் என்று தவுக்கே கேட்டனுப்பினார். ஹபீப் தண்டல் போனார். அங்கே அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் ஜெயராஜ், மோட்டார், பிரேக், வடம் அவன் பொறுப்பு. ஊருக்குப் பின்னால் நிற்கும் கொடிமலையில் கம்பி வடம் இழுத்து ஏற்றும் ரயிலில் சில காலம் வேலை பார்த்தவன். கால்சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும், பேச்சு இருக்காது. இன்னொருவன் அய்யாக்கண்ணு. கீழ்க் கோபுரத்து மேடையில் நின்று ஜனங்களைத் தொட்டிலில் ஏற்றி இறக்குவான். அவனுக்குப் பேச்சு மட்டும்தான் இருக்கும்.

"அக்கா, சேலைய ஒதுக்குங்க. அண்ணே, நீங்க நடுவுல உக்காருங்க, இல்லாட்டி தொட்டில் உங்க பக்கமே சாஞ்சுடும்லா. பயப்படாதீங்க, கட்டினது யாரு? நம்ம நானா!"

முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல ஹபீபை அவன் நானா என்றுதான் கூப்பிடுவான். அந்த நானாவில் ஒரு பெருமை இருக்கும். ஹபீபுக்கு அது பிடிக்கும்.

பினாங்கில் பிற்பகல் மழைக்கு அதிக நோட்டீஸ் கிடையாது. கொடிமலை உச்சியில் கருமை உட்காரும். தென்னை ஓலைகள் திரும்பி வெளிர்ப்பக்கம் காட்டும். அப்புறம் ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்தான். முதலில் காற்று வரும், பிறகு மழை வரும். மழையால் தொட்டிலுக்கு ஒன்றுமில்லை. காற்றுதான் எமன். ஜெயராஜ் இதற்கு ஒரு முறை வைத்திருந்தான். மலை கறுத்தால் மணி அடிப்பது. புதிதாக யாரையும் ஏற்றாமல் இருப்பது. மேலே போனவர்களை ஒவ்வொரு தொட்டிலாக இறக்குவது. காலியான தொட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கொட்டகைக்குள் தூக்கிக்கொண்டு போய் வைப்பது. கடைசியில் வடத்தின் இழுவையைக் குறைத்துப் பிரேக்கைப் பூட்டுவது. மழை விட்டதும் அத்தனையையும் திரும்பச் செய்ய வேண்டும்.

நல்ல முறைதான். ஆனால் வரிசையில் நிற்கிற ஜனத்துக்கு அது புரியுமா? மலை கறுத்தாலும் பல நாள் மழை திசைமாறிப் போய்விடும். ஆறு தொட்டிலையும் கழற்றி உள்ளே வைத்த பிறகு பளிச்சென்று வெயில் அடிக்கும். கூட்டம் விசில் அடிக்கும்.

"மழை எங்க மாமா? சட்டைப் பையில வெச்சிருக்கீங்களா?" என்று ஒரு நாள் ஒரு வாலிபன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற மலாய்க்காரக் குடும்பமும், சொன்னது புரியாமலே, சேர்ந்து சிரித்தது.

அந்தச் சிரிப்பு ஹபீபின் காதில் சுட்டது. துறைமுகத்தில் அவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

மறுநாள் அவர் ஒரு வழி சொன்னார். தொட்டில்களைக் கழற்றவே வேண்டாம். ஆறையும் கீழ்க் கோபுரத்தடியில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு தூணோடு கட்டிவிடலாம். மழை விட்டதும் அவிழ்த்துவிட்டால் உடனே ஓட்டலாம்.

ஜெயராஜ் தலையைச் சொறிந்தான். "நானா, தொங்குற பொருளக் கட்டி வைக்கிறதவிட கழட்டி வைக்கிறது நல்லது."

"தம்பி, நீ மலையில ரயிலு இழுத்தவன். கம்பியப் பத்தி சொல்லு, கேட்டுக்கிறேன். கயிறு எங்க வீட்டுப் புள்ளைலா. அது நான் சொன்னாக் கேக்கும்."

அய்யாக்கண்ணு கெக்கலித்துச் சிரித்தான். ஜெயராஜ் போய்விட்டான். தவுக்கேவுக்கும் இது பிடித்திருந்தது. தொட்டில் நிற்கும் நேரம் குறைந்தது. நாலைந்து மழை இப்படியே போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. ஹபீப் ஆறு முடிச்சையும் போடும் வேகத்தைப் பார்க்கவே ஜனம் மழையில் நின்றது. முழங்கை அளவு தொய்வு விட்டு, இரண்டு சுற்று, ஒரு கொக்கி, ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

அதில் ஒரு மழையின்போது அய்யாக்கண்ணு ஓரத்துத் தொட்டில் கொஞ்சம் ஆடுவதைப் பார்த்தான். கயிற்றை இழுத்து இறுக்கப் போனான். ஹபீப் பார்த்துவிட்டார்.

"கைய எடுடா! இது என்ன உங்க வீட்டு மாட்டுக் கயிறா? தண்டல் கட்டின முடிச்சுல இன்னொருத்தன் கை படக் கூடாது. தெரியுமா தெரியாதா?"

குடை பிடித்து நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. அய்யாக்கண்ணுவும் சிரித்தான். "தப்பு நானா, தப்பு," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதற்கும் சிரித்தார்கள். அவன் முகத்தை ஹபீப் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள், இடிமழை தொடங்குகிற நேரத்தில் வந்தது. பெருநாளுக்கு மறுநாள் பூங்கா பொங்கி வழிந்தது. ஹபீபின் மனைவி ஷரீஃபா, சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த தன் அக்காள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அக்காள் புருஷன், அதாவது ஹபீபின் சகலை, வாய்க்காரர்.

"என்ன சகலை, கடலை விட்டுட்டுத் தொட்டில் ஆட்ட வந்துட்டியாமே? தாலாட்டும் நீதான் பாடுவியா?"

"ஏறிப் பாரு சகலை. மேல போனதும் வாய் தன்னால மூடிக்கும்."

அவர்கள் வரிசையில் பாதி தூரம் வந்திருப்பார்கள். கொடிமலை உச்சி காணாமல் போயிற்று. ஜெயராஜ் மணி அடித்தான். மேலே இருந்தவர்களை ஒவ்வொரு தொட்டிலாக இறக்கினார்கள். அய்யாக்கண்ணு பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒருவரையும் தடுக்கி விழவிடாமல் இறக்கினான். இதில் ஒரு குறையும் இல்லை. தொட்டில் ஆறும் காலி.

ஜெயராஜ் ஹபீபிடம் வந்தான். "நானா, இன்னிக்கு மலை கறுத்திருக்கிற விதம் சரியில்ல. கழட்டிடுவோம்."

ஹபீப் மலையைப் பார்த்தார். அது சரியாக இல்லை என்று அவருக்கும் தெரிந்தது. பிறகு வரிசையைப் பார்த்தார். சகலை இடுப்பில் கைவைத்து நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டி மாட்டுறதுக்குள்ள பொழுது போயிடும் தம்பி. இந்தக் கூட்டம் என்னை உரிச்சுத் தொங்கவிட்ரும். நீ போயி மேல் பிரேக்கப் பூட்டு. இத நான் பாத்துக்கிறேன்."

ஜெயராஜ் மலையை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு மேல் கோபுரத்துக்கு ஓடினான். ஹபீப் கட்டினார். அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாகக் கட்டினார். வரிசையில் கைதட்டல்கூடக் கேட்டது. கைகளைத் துடைத்துக்கொண்டு, சகலையைத் தோளில் தட்டி, தகரக் கூரை போட்ட தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனார்.

"இப்ப ஒரு டீ. மழை விட்டதும் முதல் தொட்டில் உனக்கு."

காற்று வந்தது. கடைக்காரன் விரித்திருந்த படுதா முதல் வீச்சிலேயே கிழிந்து பறந்தது. தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. இளநீர்க் குலை ஒன்று எங்கோ தொப்பென்று விழுந்தது. பெண்கள் அலறிக்கொண்டு நாடகக் கொட்டகைக்குள் ஓடினார்கள். சகலை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே ஹபீபுக்கு வேறொரு சத்தம் கேட்டது. டங். சற்று நேரம் விட்டு மறுபடி, டங்.

இரும்புச் சட்டம் தூணில் மோதுகிற சத்தம்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. படகு தண்ணீரில் கிடக்கும். ஒரு முழம் நகர்ந்தால் தண்ணீர் அதைத் தாங்கும். தொட்டில் காற்றில் தொங்குகிறது. ஒரு முழம் தொய்வு கொடுத்தால் காற்று அதை அந்த ஒரு முழமும் தூக்கிப்போய் வீசும். கயிறு வெடுக்கென்று பிடிக்கும். திரும்பவும் வீசும். ஒவ்வொரு வெடுக்கிலும் கொக்கி வடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும்.

தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். மழை ஊசியாகக் குத்தியது. மேடை தெரியும் தூரத்துக்கு வந்தபோது பார்த்தார். ஓரத்து ஆறாவது தொட்டில் தாறுமாறாக ஆடிக்கொண்டிருந்தது. அய்யாக்கண்ணு அதைத் தன் இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி ஊன்றி நின்றான். காற்று அவனையும் தொட்டிலையும் சேர்த்து இழுத்தது. அவன் இந்தப் பக்கம் திரும்பி ஏதோ கத்தினான். "நானா" என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது.

கொக்கி எகிறியது. இரும்புச் சட்டத்தோடு தொட்டில் அவன் காலின் மேல் இறங்கியது.

பெரிய ஆசுபத்திரியில் காலை வெட்டவில்லை. கட்டுப் போட்டார்கள். எலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருந்தது. சேரும், ஆனால் குட்டையாகத்தான் இருக்கும் என்றார்கள். செலவைத் தவுக்கே ஏற்றுக்கொண்டார். பூங்காவில் ஒருவரும் ஹபீபை ஒரு சொல் சொல்லவில்லை. கடைப் படுதாவே கிழிந்து பறந்த காற்றில் ஒரு தொட்டில் விழுந்ததில் என்ன ஆச்சரியம் என்றார்கள். சகலைகூட வாயை அடக்கிக்கொண்டு, "உன் நல்ல நேரம், ஜனம் இல்லாதப்ப விழுந்துச்சு," என்றார். சூலியா தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் தோளைத் தொட்டார்கள்.

"காத்துக்கு யாரு என்ன செய்ய முடியும் தண்டல்?"

"ஆமா. என்னா காத்து அது! என் ஆயுசுல பாத்ததில்ல," என்று ஹபீபும் சொன்னார். முதல் தடவை சொல்லும்போது நாக்கு ஒட்டியது. நாலாவது தடவை ஒட்டவில்லை. ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவரே அதைப் பாதி நம்பியிருந்தார்.

அய்யாக்கண்ணு கால் தூக்கிக் கட்டப்பட்டுக் கிடந்தான். அவன் மனைவி லெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்கண்ணே."

"வலிக்குதாடா?"

"கால் வலிக்கல நானா. அது யாரு காலோ மாதிரி கிடக்கு. முதுகுதான். படுத்தே கிடக்க நான் என்ன தவுக்கேயா?"

ஹபீப் சிரிக்கப் பார்த்தார். "என்னா காத்துடா அது. என் ஆயுசுல பாத்ததில்ல."

"ஆமா நானா. பெரிய காத்து."

லெட்சுமி ஆரஞ்சை மடியில் வைத்தாள். "நீங்களாச்சும் கேளுங்கண்ணே. எல்லாரும் கொட்டாயுக்குள்ள ஓடுறாங்க. இவரு மட்டும் ஏன் போயி அந்தச் சனியனக் கட்டிப் புடிச்சாரு? வந்த நாள்லேர்ந்து கேக்கிறேன். வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. ஊருக்கெல்லாம் பேசுற வாய்."

"விடு புள்ள."

"என்னத்த விடுறது? புத்தியிருக்கிறவன் செய்யிற வேலையா அது?"

ஹபீபுக்கு அவள் கேட்டது நியாயமாகப் பட்டது. அவரும் சேர்ந்துகொண்டார். "அதானே. ஏண்டா புடிச்சே? ஆடுதுன்னு தெரியுது. கயித்த இழுத்து இன்னொரு சுத்து சுத்தியிருந்தா நின்னுருக்குமே?"

சொல்லி முடித்தபோதுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது.

அய்யாக்கண்ணு கூரையைப் பார்த்தான். மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. "உங்க முடிச்சு நானா," என்றான்.

குற்றம் சொல்லும் குரலே இல்லை அது. கடைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டவனுக்கு வழி சொல்கிற குரல். "அதுல எப்படிக் கை வைக்கிறது? நீங்க வந்துருவீங்கன்னு பாத்தேன். வர்ற வரைக்கும் புடிச்சுக்குவோம்னு..."

லெட்சுமி புருஷனைப் பார்த்தாள். பிறகு ஹபீபைப் பார்த்தாள். மடியிலிருந்த ஆரஞ்சை எடுத்து, உரித்த சுளைகளைத் திரும்பவும் தோலுக்குள் வைத்து மூட ஆரம்பித்தாள். அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் ஹபீப் எழுந்துகொண்டார். என்ன சொல்லி எழுந்தார் என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

வழியில் தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்து, "காத்துக்கு யாரு என்ன..." என்று ஆரம்பித்தார். ஹபீப் கையை உருவிக்கொண்டு நடந்தார். முகம் முழுக்கச் சுட்டது. ஓடுகிற ரிக்‌ஷாவில் இருப்பவர்கள்கூடத் தன்னைத் திரும்பிப் பார்ப்பதாகப் பட்டது. வாழ்நாள் முழுக்கக் கூட்டம் சிரித்துவிடக் கூடாதே என்று பயந்தவர் அவர். கூட்டம் சிரித்தால் காது சுடும், அவ்வளவுதான். இது அப்படியில்லை. இது ஒருவருக்கும் தெரியாது. ஆசுபத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஒருவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் மட்டும் தெரியும். அவர்கள் இருவரும் அதை வெளியே சொல்லப் போவதுமில்லை. அதனால்தான் அது ஆறவே இல்லை.

அவர் பூங்காவுக்குப் போகவில்லை. படகுத்துறைக்குப் போனார். பழைய கூட்டாளிகள் உற்சாகமாக வரவேற்றார்கள். தொங்கான் ஒன்று கரைசேர்ந்தது. "கட்டுங்க தண்டல், கை மறந்துபோச்சா பாப்போம்," என்று கயிற்றை வீசினார்கள். பிடித்தார். கட்டினார். குனிந்து பார்த்தால் ஒரு முழம் தொய்வு அழகாகக் கிடந்தது. இங்கே அது சரி. இங்கே அவர் செய்வதெல்லாம் சரியாகவே இருக்கும். பேசாமல் இங்கேயே திரும்பி வந்துவிட்டால் என்ன? கூலி குறைவுதான். குறைந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது ஷரீஃபா சோற்றை அள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். "அய்யாக்கண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவன்கிட்ட என்ன சொல்ல?"

"எனக்கென்ன தெரியும்? காத்துலதான் விழுந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. காத்து அடிச்சதுக்கு நீங்க ஏன் வேலைய விடுறீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஒரு முழத் தொய்வு, மாட்டுக் கயிறு, கன்னத்தில் போட்டுக்கொண்டது, எல்லாம். ஷரீஃபா அவரைத் திட்டவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "முதல்ல அங்க போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

அய்யாக்கண்ணுவை அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். டத்தோ கிராமாட் பக்கம் வரிசை வீட்டில் ஒரு அறை. காலைச் சோப்புப் பெட்டியின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். ஹபீப் வாசலிலேயே நின்று, மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னார். தப்பு தன்னுடையது, இனிமேல் அந்தக் கோபுரத்தில் கால்வைக்கத் தனக்கு யோக்கியதை இல்லை, தான் படகுத்துறைக்கே போய்விடுவதாக.

அய்யாக்கண்ணுவுக்குக் கோபம் வந்து ஹபீப் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்.

"ஓ. நீங்க கடலுக்குப் போயிருவீங்க. நான்?"

"நீ..."

"எனக்கு மணி அடிக்கிற வேலை தர்றேன்னு தவுக்கே சொல்லியிருக்காரு. அந்த மேடையிலதான் முக்காலி போட்டு உக்காரணும். ஏறுறவன் இறங்குறவன் அத்தன பேரும் என் காலத்தான் பாப்பான். எப்படி ஆச்சுன்னு கேப்பான். நான் காத்துன்னு சொல்லணும். நீங்க தண்ணியில இருப்பீங்க, உங்கள யாரு பாப்பா? நல்லா இருக்கு நானா கணக்கு!"

"நான் என்னடா செய்யட்டும்?"

"வாங்க அங்க. பாக்கிறவன் ரெண்டு பேரையும் பாக்கட்டும்."

உள்ளேயிருந்து லெட்சுமி வரக்காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஹபீபுக்கும் ஒரு குவளை இருந்தது. அதை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆறிடும்ணே," என்றாள் அவள்.

மறுநாள் தவுக்கேயிடம் போய் முடிச்சு தன்னுடையது, தொய்வு தன்னுடையது என்றார். வேலை போகும் என்று எதிர்பார்த்தார். போனால் தேவலை என்றுகூட நினைத்தார். தவுக்கே கணக்குப் பலகையிலிருந்து கையை எடுக்காமல், "ஜெயராஜ் சொல்றபடி செய்," என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். ஜெயராஜிடம் போனார். "கழட்டிடுவோம் தம்பி. இனிமே எப்பவும்," என்றார். ஜெயராஜ் தலையை ஆட்டினான். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஹபீபுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவன் பேசுகிற ஆள் இல்லையே.

அய்யாக்கண்ணு மேடைக்குத் திரும்பியது பள்ளி விடுமுறையில். முக்காலியில் உட்கார்ந்து, கைத்தடியைத் தொடையில் சாத்தி, மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் சொன்னபடியேதான் நடந்தது. ஏறுகிறவர்கள் காலைப் பார்த்தார்கள். கேட்டார்கள். முதலில் கேட்டது மூன்று பிள்ளைகளோடு வந்த ஒரு அம்மாள்.

"எப்படிங்க ஆச்சு?"

அய்யாக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் ஹபீப், "நான் கட்டின கயிறும்மா. சரியாக் கட்டல," என்றார். அந்தம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற சிலரும் போனார்கள். டிக்கெட் கிழிக்கிறவன் ஹபீபை முறைத்தான். அடுத்து வந்தவரும் கேட்டார். ஹபீப் திரும்பவும் அதையே சொன்னார்.

அன்று பிற்பகல் கொடிமலை கறுத்தது. அய்யாக்கண்ணு மணி அடித்தான். எல்லாரையும் இறக்கினார்கள். ஹபீபும் ஜெயராஜும் இன்னும் இரண்டு ஆட்களும் தொட்டிலைத் தோளில் தாங்கி, கொக்கியிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். இரும்புச் சட்டம் தோளை அறுத்தது. வரிசை முணுமுணுத்தது. ஆறாவதை உள்ளே வைத்துவிட்டு வந்து வடத்தைத் தளர்த்திப் பிரேக்கைப் பூட்டினார்கள். பிறகு நின்று பார்த்தார்கள்.

மலை மெல்ல வெளுத்தது. கருமை தெற்கே கெலுகோர் பக்கம் நழுவிப் போயிற்று. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. குளத்தில் வெயில் பளபளத்தது.

முதல் விசில் பின்வரிசையிலிருந்து வந்தது. பிறகு நாலா பக்கமும் பிடித்துக்கொண்டது.

"யோவ் மாமா! வேர்வையைத்தான் மழைன்னு சொன்னியா?"

"குடை வேணுமா நானா, வெயில் அடிக்குது பாருங்க!"

"பிள்ளைய இறக்கிவிட்டு வெயில்ல காயப்போட்டுட்டாங்கலா!"

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தர் நேரே ஹபீபின் முன்னால் வந்தார். "எங்களப் பாத்தா கேனையனுங்க மாதிரி இருக்கா?"

"இல்லைங்க. மன்னிச்சுக்குங்க. திரும்ப மாட்டணும், கொஞ்சம் நேரமாகும்," என்றார் ஹபீப். கைகள் எங்கே இருக்க வேண்டுமென்று தெரியாமல் சட்டையைத் துடைத்துக்கொண்டன. சிரிப்பு குறையவே இல்லை. அவர் குனிந்த தலையோடு கொட்டகைக்குள் போய் முதல் தொட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். மேடையைத் தாண்டும்போது அய்யாக்கண்ணு முக்காலியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன நானா, காது சுடுதா?"

"சுடுதுடா."

"சுடட்டும். தோளக் கொஞ்சம் தாழ்த்திப் புடிங்க, தூண்ல இடிக்கப் போகுது."

ஹபீப் தோளைத் தாழ்த்தினார்.